மீனுக்கு அம்மை போட்டிருந்தது

ஓசூர்க் குளிரைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை, கேன்டீனில் நல்ல சாப்பாடு, பெங்களூர் பக்கம்தான் என்றெல்லாம் சொன்னார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் காலையில் வெறுங்காலைத் தரையில் வைக்க முடியாது என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டார்கள். நான் சாத்தூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் மத்தியானம் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். இங்கே மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீரைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும். நடந்ததற்கெல்லாம் முதல் குற்றவாளி அந்தக் குளிர்தான் என்பதால் அதைத் திட்டிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஊரெங்கும் மின்வெட்டு தொடங்கியிருந்த நேரம். எனக்கு ஐந்தாம் மாதம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பாத்ரூம் போவதைத் தவிரக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய வருஷம் ஒன்று நான்காம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாயாடி என்று பெயர் எடுத்தவள், அன்று வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்குப் போகலாம் என்றால் அவ்வளவு தூரம் பயணம் கூடாது. அம்மாவை வரச் சொல்லலாம் என்றால் அப்பா பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். அம்மாவுக்கு அங்கே ஒரு கட்டில், இங்கே ஒரு கட்டில், இருப்பது ஒரு உடம்பு. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, வீட்டில் ஷிஃப்டுக்குப் போகிற கணவரும், சுவரும், நானும்தான்.

இதில் ஓனரம்மாவைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். முன்னால் அவர்கள் வீடு, பின்னால் வரிசையாக எங்கள் லைன் வீடுகள். உத்தனப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். வாடகைக்கு வந்த நாளிலிருந்தே எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் குழாயைத் திறந்தால் அவர் மோட்டாரை நிறுத்துவார். நான் துணி காயப்போட்டால் அந்தக் கொடி தன்னுடையது என்பார். நான் படுத்த செய்தி தெரிந்த மறுநாள் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்தார். கட்டிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"மத்தியான சோறு இனிமே என்னுது. அவர் ஷிஃப்ட்லருந்து வந்து ஆக்கி, நீ எப்போ துன்றது தல்லி?" என்றார்.

தல்லி என்றால் தெலுங்கில் அம்மா, நம் ஊரில் மகளை ஆத்தா என்று கூப்பிடுவது மாதிரி. மோட்டார்ச் சண்டையில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை மறைக்க, "காரம் கொஞ்சம் கம்மியாப் போடுங்கம்மா" என்று குறை சொல்லி வைத்தேன்.

மீன் தொட்டி வாங்கி வந்தவர் என் கணவர். டிவி இருந்தது, ஆனால் எந்த சீரியலைத் திருப்பினாலும் யாராவது அழுதுகொண்டிருந்தார்கள். அந்தச் சரக்கு என்னிடமே போதுமான அளவு இருந்தது. ஒருநாள் அவர் ஆட்டோவில் ஒரு கண்ணாடித் தொட்டியும் கூழாங்கல்லும் பிளாஸ்டிக் செடியும் காற்று விடுகிற மோட்டாரும் கொண்டு வந்து, கட்டிலுக்கு நேரெதிரே டிவியை இறக்கிவிட்டு அந்த ஸ்டாண்டில் தொட்டியை வைத்தார். இரண்டு ஏஞ்சல் மீன்கள், நாலைந்து கப்பி, கருப்பாக மோலி மீன்கள். வாங்கும்போது யோசித்தாரோ இல்லையோ, ஒரு மோலிக்கு வயிறு பெரிதாக இருந்தது. மோலி முட்டை போடாது, குட்டிதான் போடும்.

"உன்னாட்டம் அதுவும் முழுகாம இருக்குது" என்றார் ஓனரம்மா, சோற்றுத் தட்டை என் மடியில் வைத்துவிட்டு.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றாலும் விதை விழுந்துவிட்டது. நாள் முழுக்கப் படுத்துக்கிடப்பவளுக்கு மனசு சும்மா இருக்குமா? அந்த மோலியின் வால் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னக் கிழிசல் உண்டு. காலையில் கண் விழித்ததும் முதலில் அந்தக் கிழிசலைத் தேடுவேன். இருந்தால் இன்றைக்கு என் வயிற்றிலும் எல்லாம் சரி. இப்படி ஒரு கணக்கை நானே போட்டுக்கொண்டேன். அந்த மீன் நல்லபடியாகக் குட்டி போட்டால் எனக்கும் நல்லபடியாகப் பிறக்கும். யாரிடமும் சொல்லவில்லை. பி.எஸ்ஸி படித்தவள் சொல்லக்கூடிய விஷயமா அது? ஆனால் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பிடித்துக்கொள்ள எது கிடைத்தாலும் கை பிடித்துக்கொள்ளும்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் கணவர் புதிதாக இன்னும் இரண்டு மீன் வாங்கி வந்து, கவரோடு கொண்டு வந்த தண்ணீரையும் சேர்த்துத் தொட்டியில் விட்டார். சில நாள் கழித்து ஒரு கப்பியின் மேல் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. மறுநாள் ஏஞ்சலின் துடுப்பில். அதற்கடுத்து எல்லா மீன் மேலும் ரவை தூவின மாதிரி வெள்ளைப் பொட்டுகள். மீன்கள் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து நீந்தின. என் மோலி செடிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது.

கணவருக்கு அந்த வாரம் டபுள் ஷிஃப்ட். வார விடுமுறைக்குத்தான் மீன் கடைக்குப் போக முடியும் என்றார். அதற்குள் ஓனரம்மா தொட்டியைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, செருப்பே போடாத காலில், இல்லாத செருப்பைக் கழற்றுவது போல வாசல்வரை போய்த் திரும்பி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தல்லி, மீனுக்கு அம்மா வந்துக்கிறா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் தொட்டி மூடியின் மேல் வேப்பிலைக் கொத்து வந்து உட்கார்ந்தது. நிலைவாசலில் இன்னொரு கொத்து. வெளியாட்கள் வரக் கூடாது என்று லைன் முழுக்கத் தகவல் போனது. முக்கியமாக, அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. எனக்குச் சமைப்பவர் அவர். ஆக, தாளிக்காத சாம்பார், தாளிக்காத ரசம், எண்ணெய் படாத காய். நாக்கு செத்துக்கிடந்த கர்ப்பிணிக்கு, மீனுக்கு அம்மை போட்டதால் பத்தியச் சாப்பாடு. "கடுகு மட்டுமாவது போடுங்கம்மா" என்று கெஞ்சினேன். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று பதில் வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் உண்மையாகவே பயந்தார். அம்மை போட்ட இடத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கலாமா? தண்ணீரோடு தொட்டியைத் தூக்க முடியாது, என்னையும் தூக்க முடியாது. கடைசியில் என் கணவரின் செல்போனில் டாக்டரம்மாவையே பிடித்துக் கேட்டார். மறுமுனையில் முதலில் சிரிப்புதான் கேட்டதாம். ஒட்டாது என்று பதில் வந்ததும் என் கட்டிலை மட்டும் சுவர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு மனசைத் தேற்றிக்கொண்டார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கும்வரை. பொட்டுகள் குறையாமல் நாளுக்கு நாள் கூடின. வார விடுமுறை அன்று கடைக்குப் போன கணவர் ஒரு ஹீட்டர், ஒரு சின்ன தெர்மாமீட்டர், ஒரு பாட்டில் நீல மருந்தோடு வந்தார். கடைக்காரர் சொன்னதைக் கம்பெனி ட்ரெயினிங் கிளாஸில் கேட்டது மாதிரி எனக்கு ஒப்பித்தார்.

"இது அம்மை இல்ல, ஒட்டுண்ணி. நம்ம கண்ணுக்குத் தெரியற வெள்ளைப் பொட்டுக்குள்ள ஒரு புழு மாதிரி உக்காந்திருக்கு. அது பழுத்து உதிர்ந்து கல்லுக்கு அடியில போயி பலுகும். பலுகி, திரும்ப மீனைத் தேடி வரும். மீன் மேல இருக்கறப்ப மருந்து ஏறாது. கீழ இருந்து கிளம்பி வரும்போதுதான் சாகும். தண்ணி சூடா இருந்தா அது சீக்கிரம் பழுத்துச் சீக்கிரம் வெளிய வரும், நம்ம அடிச்சிடலாம். தண்ணி குளிர்ந்தா இழுத்துக்கிட்டே போகும், மீனுக்கும் தெம்பு போயிடும். குளிர் ஆகவே ஆகாதாம்."

சொல்லிக்கொண்டே தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் ஒட்டினவர் முகம் மாறியது. "வெளியில இருக்கற குளிரைவிட உள்ள குளிரா இருக்கே" என்றார்.

அப்போது பார்த்து ஓனரம்மா உள்ளே வந்தார். இடுப்பில் மண்பானை. அம்மை என்பது சூட்டு வியாதி, அதற்குக் குளிர்ச்சிதான் மருந்து, இது தமிழர் தெலுங்கர் கன்னடர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் மத்தியானம் அசந்து தூங்குகிற நேரமெல்லாம் அவர் பானையில் விடிய விடியக் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனையும் பாசத்தில் செய்தது. மார்கழிக் குளிரில், குளிரால் சாகிற மீனுக்குக் குளிர்ச்சி கொடுத்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். மோட்டார்ச் சண்டை, கொடிச் சண்டை, கடுகுச் சண்டை எல்லாம் சேர்ந்து வந்தது. யாரைக் கேட்டு ஊற்றினீர்கள், இது என்ன உங்கள் கிணறா என்று என்னென்னவோ கத்தினேன். கணவர் என் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். ஓனரம்மா பானையை இறக்கி வைத்துவிட்டு, நான் மூச்சு வாங்கும்வரை அப்படியே நின்று கேட்டார்.

"திட்னது போதும், வயித்துப் புள்ள கேக்குது. சரி, எவ்ளோ சூடு வேணும்?"

"என்னது?"

"சூடு தல்லி, சூடு. எவ்ளோ வேணும்?" பிறகு எனக்குச் சமாதானம் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டார்: "மீனு தண்ணில பொறந்தது. நமக்கு அம்மா சூட்டுல வரா. அதுக்குக் குளிர்ல வரா. அவ்ளோதான."

ஒரு நொடியில் இத்தனை காலத்து நம்பிக்கையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டு, அதே நம்பிக்கையோடு பானையைத் தூக்கிக்கொண்டு போனார். வேப்பிலைக் கொத்தை மட்டும் எடுக்க விடவில்லை. தாளிக்காத சாம்பாரும் தொடர்ந்தது.

அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது. கல் உப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கூழாங்கல்லுக்கு அடியில் டியூப் வைத்து அழுக்கை உறிஞ்சி வெளியே விட்டு, அதே சூட்டில் வேறு தண்ணீர் ஊற்ற வேண்டும். சூட்டை ஒரேயடியாக ஏற்றாமல் படிப்படியாக ஏற்ற வேண்டும். இதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு மேஸ்திரி மாதிரி அதிகாரம் செய்தேன். "அந்த மூலைல உறிஞ்சுங்க", "மீன் மேல ஊத்தாதீங்க", "மெதுவா, மெதுவா". வேலை செய்த கைகளெல்லாம் மற்றவர்களுடையவை. எல்லாக் கைகளும் நீலமாகின. ஓனரம்மாவின் விரல் நகமெல்லாம் நீலம். கோலம் போட உட்கார்ந்தபோது தெருவில் யாரோ மருதாணி இப்போது இந்த நிறத்திலும் வருகிறதா என்று கேட்டார்களாம்.

ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்தது, கரன்ட் இருக்கிறவரை. காலையில் ஒரு தவணை, சாயங்காலம் ஒரு தவணை மின்வெட்டு. எந்த நேரம் போகும், எந்த நேரம் வரும் என்று போடுகிறவருக்கே தெரியாது. கரன்ட் போனால் ஹீட்டரும் நின்றது, காற்று மோட்டாரும் நின்றது. மார்கழிக் குளிர் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கியது. தெர்மாமீட்டரின் சிவப்புக் கோடு கீழே போவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து போய் ஒரு கம்பளியைச் சுற்றக்கூட எனக்கு அனுமதி இல்லை.

அதற்கும் வழி கண்டுபிடித்தவர் ஓனரம்மாதான். அவர்கள் வீட்டுக் குளியலறையில் விறகு போட்டு எரிக்கிற செம்பு அண்டா உண்டு. கரன்ட் போனதும் அடுப்பை மூட்டுவார். எவர்சில்வர் தூக்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்து, மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிறு கட்டித் தொட்டிக்குள் இறக்கித் தொங்கவிடுவார். தூக்கின் சூடு தண்ணீரில் இறங்கும், வெந்நீர் மீன் மேல் படாது. அது ஆறினால் இன்னொரு தூக்கு. அவர் வீட்டுத் தூக்குகள் போதவில்லை. லைனில் இருக்கிற வீடுகளிலிருந்தெல்லாம், ஆண்கள் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டு போகாமல் மிச்சம் இருந்த தூக்குகள் வந்தன. வெளியாட்கள் வரக் கூடாது என்று சட்டம் போட்டவரே சட்டத்தைத் தளர்த்தினார். தூக்கோடு வந்தால் வெளியாள் இல்லை.

காற்று மோட்டார் நின்ற குறைக்கு, ஒரு செம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயர்த்தி உயர்த்தி ஊற்றுவார்கள், டீ ஆற்றுவது போல. பக்கத்து வீட்டு அக்கா கார்மென்ட்ஸ் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்திலும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நாலு தடவை ஆற்றிவிட்டுப் போவார். ஓனரம்மா ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிற தம்பியைப் பார்க்கப் போன நாளில், எனக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியாத கோடி வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்து ஆற்றினாள். கன்னடம் மட்டும்தான் பேசுவாள். எனக்குக் கன்னடம் வராது. தெர்மாமீட்டரைக் காட்டினேன், தலையை ஆட்டினாள், அது போதுமாக இருந்தது.

நான் எளிதில் நன்றி சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த நாட்களில் படுத்துக்கொண்டு அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குனிந்து, தூக்கை மாற்றி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி, "பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மீனுக்காக யாரும் அத்தனை விறகு எரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கப்பிகள் பிழைக்கவில்லை. ஒரு ஏஞ்சலும் போனது. மிச்சம் இருந்தவற்றின் மேல் பொட்டுகள் மெல்ல உதிர்ந்தன. உதிர்ந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, இன்னும் சில நாள் விடாமல் செய்ய வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். என் மோலியின் மேல்தான் பொட்டு அதிகம், கடைசியாகக் குறைந்ததும் அதற்குத்தான். வயிறு அப்படியே பெரிதாக இருந்தது. ஒருநாள் ஓனரம்மா தொட்டியருகே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்தக் கருப்பு மீனு பொழைச்சா மாரியம்மனுக்கு மாவிளக்கு போடறேன்னு வேண்டிக்கினேன்."

"மீனுக்காம்மா மாவிளக்கு?"

"மீனுக்குத்தான். உனக்கு வேற வேண்டுதல் இருக்குது. அது வெளிய சொல்லக் கூடாது."

அவர் என் ரகசியக் கணக்கை எப்படியோ கண்டுபிடித்திருந்தார். காலையில் நான் கண் விழித்ததும் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று தெரியாதவரா அவர்?

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு மத்தியானம். கணவர் கம்பெனியில். கரன்ட் போயிருந்தது. நான் தூங்கி விழித்து வழக்கம்போலக் கிழிசல் வாலைத் தேடினேன். செடிக்குப் பின்னால், கூழாங்கல்லின் மேல், மோலி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செவுள் அசையவில்லை. அசையும் என்று வெகுநேரம் பார்த்தேன். பிறகு கை தானாக வயிற்றுக்குப் போனது. உள்ளேயும் எதுவும் அசையவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் சில்லிடுகிறது. கத்தினால் யாராவது வருவார்கள். ஆனால் கத்தினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தூக்கின் சத்தம் கேட்டது. ஓனரம்மா. தொட்டிக்கு அருகே போன காலடி நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார் என்பது முதுகில் தெரிந்தது. மூச்சை இழுத்து விட்டுத் தூங்குவது போலக் கிடந்தேன். தண்ணீரில் கை நுழைகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. அரைக் கண்ணைத் திறந்து சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தேன். அவர் உள்ளங்கையில் மீனை ஏந்தி, முந்தானையில் மூடி, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார், அதே முந்தானையில் மீன் இருக்கிறது என்பதைக்கூட மறந்து. பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

வெளியே லைனில் கிசுகிசுப்பு. யாரோ போன் பேசினார்கள். எனக்குள் ஏதோ புரண்டது. முதலில் பயம் என்றே நினைத்தேன். இன்னொரு தடவை புரண்டது. பிள்ளைதான். உதைத்தது, நன்றாக, கோபித்துக்கொண்டது போல. மீன் செத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது, இது உதைக்கிறது. நான் போட்ட கணக்கு தப்பு என்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துபோயிற்று. எந்த டாக்டரம்மா சொன்ன எந்த வார்த்தையும் தராத தைரியத்தை அந்த உதை தந்தது. அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

பொழுது சாய்வதற்குள் கணவர் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்துவிட்டார். சட்டைப் பையில் எதையோ அழுத்திப் பிடித்தபடி நேராகத் தொட்டிப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னாலேயே ஓனரம்மா வந்து கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு, என்றைக்கும் இல்லாத திருநாளாக, "இன்னிக்கு என்னா சாம்பார் வைக்கட்டும்?" என்று கேட்டார். கடுகு தாளிக்கட்டுமா என்றும் கேட்டார். அவர்கள் விலகியபோது தொட்டியில் வயிறு பெருத்த கருப்பு மோலி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. வால் முழுசாக இருந்தது. கிழிசல் இல்லை.

"பாரு, எவ்வளவு சுறுசுறுப்பா ஆயிடுச்சு" என்றார் கணவர். அவருக்கு நடிக்க வராது. கல்யாண ஆல்பத்தில்கூட யாரோ மிரட்டி உட்கார வைத்தது மாதிரிதான் இருப்பார்.

"பொழைச்சிக்கிச்சு தல்லி. நான் சொன்னேன்ல" என்றார் ஓனரம்மா. அவருக்கு நன்றாகவே வந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது. விறகுப் புகை என்றார்.

வாசலில் கோடி வீட்டுப் பெண்ணும், இன்னும் யார் யாரோவும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பது போல. கிழிசல் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் உடைந்திருக்கும். வாயாடி என்று பெயர் எடுத்த என் வாய் அன்று எனக்கு அடங்கியது. அதற்கு இன்றைக்கும் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

"ஆமாம்மா, நல்லாத்தான் இருக்கு. வெங்காய சாம்பார் வைங்க" என்றேன்.

அவர்கள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

வைத்தியம் அதற்குப் பிறகும் சில நாள் தொடர்ந்தது. புது மோலிக்குப் பொட்டு வரவில்லை. கடைசித் தடவை தொட்டிக்கு விட வேண்டிய புதுத் தண்ணீரை ஓனரம்மா வாசலில் அண்டாவில் வைத்து, வேப்பிலை போட்டு, வெயிலில் சூடு பண்ணி ஊற்றினார். அம்மை இறங்கினவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்படித்தான். மீனுக்குத் தலை எது, தண்ணீர் எது என்று நான் கேலி செய்தேன். பேசாமல் படு என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர் தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனார். திரும்பி வந்து என் நெற்றியில் குங்குமம் இட்டார். தொட்டிக் கண்ணாடியிலும் ஒரு பொட்டு வைத்தார். பிறகு பாத்திரத்தைத் திறந்தார். பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவிளக்கு, திரி எரிந்து நடுவில் கருகியிருந்தது. அந்த மீன் பிழைத்தால் போடுவதாக வேண்டிக்கொண்டதை, அது பிழைக்கவில்லை என்று தெரிந்தே போட்டுவிட்டு வந்திருந்தார். அம்மையை அம்மனாகவே நம்புகிற மனுஷி. மீன் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர். போடாமல் விட்டால் எனக்குச் சந்தேகம் வருமே என்பதற்காகச் சாமி முன்னால் நின்று பொய்யாக ஒரு விளக்கை ஏற்றிவிட்டு வந்திருந்தார். அம்மனிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, எனக்குத் தெரியாது. ஒரு உருண்டையை எடுத்து என் வாயில் போட்டார். அந்த வெல்லத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

மகள் மாதம் நிறைந்து பிறந்தாள். வீட்டுக்கு வந்து முதல் தண்ணீர் ஊற்ற ஓனரம்மாதான் காலை நீட்டி உட்கார்ந்தார். செம்பு அண்டா வெந்நீர். விளாவிவிட்டு முழங்கையை வைத்துப் பார்த்தார். அவர் நகத்தின் ஓரத்தில் நீலம் லேசாக இன்னும் தெரிந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. என் அம்மா அப்போது ஊரிலிருந்து இரண்டு நாளைக்கு வந்திருந்தாள், அவளையே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார்.

குளிப்பாட்டித் துவட்டி என் மடியில் வைத்துவிட்டு ஓனரம்மா தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். கருப்பு மோலி அடியில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

"பாத்தியா தல்லி, ரெண்டும் பொழைச்சிக்கிச்சு" என்றார்.

அவர் செய்ததற்கு ஈடாக என்னால் கொடுக்க முடிந்தது அந்தப் பதில் ஒன்றுதான். அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

"ஆமாம்மா. ரெண்டும்."